மாப்பிள்ளை வேஷம் கட்டின பொலிக்குதிரை

கண்ணு, மொதல்ல வாயை மூடு. டெக்சாஸ் ஈ நம்மூரு ஈயைவிடப் பெருசு, உள்ள போனா வெளிய வராது. குதிரை நல்லாத்தான் இருக்குது, நான் இல்லீங்கல. அதுக்குன்னு, "அப்புச்சி, ஒரு பொட்டைக்குதிரை வாங்கி இதுகிட்டச் சேத்தி ஒரு குட்டி எடுக்கலாமா?"ன்னு கேக்கறயே, அங்கதான் எனக்கு வகுறு கலக்குது. ஃபிரிஸ்கோ வீட்டுல நாலடிப் புல்லு வெட்டறதுக்கே ஆளு வெச்சிருக்கறவன், லத்தி அள்ளப் போறயாக்கும்!

ஃபோர்ட் வொர்த்துல இப்ப நீ பாக்கறது குதிரை காட்டற எடமல்ல, மாப்பிள்ளை காட்டற எடம். நம்மூருல பொண்ணைக் கூட்டியாந்து நிறுத்துவோம். இங்க மாப்பிள்ளையைக் கூட்டியாந்து சுத்த விடறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். மூஞ்சிக்கு எண்ணெய், குளம்புக்குக் கறுப்புப் பாலிசு. மீசை மசுரைச் சிரைச்சு, பிடரியைச் சின்னச் சின்னதாப் பிரிச்சு ரப்பர் பேண்டு மாட்டிப்போட்டாங்க. மைக்குல ஒருத்தன் வம்சம் வாசிக்கறான்: இன்னாரு மகன், இன்னாரு பேரன், ஜெயிச்ச டாலர் இத்தனை. குடும்பத்துல நோவு நொடி ஏதாச்சும் உண்டான்னு வாசிச்சானா? எந்த ஊரு தரகன் அதை வாசிச்சான்!

அந்தியூரு குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அங்க வாங்க வர்றவன் பல்லைப் புடிச்சு வயசைப் பாப்பான், சுழியைத் தேடுவான், நடக்க விட்டுப் பின்னாலயே போவான். அப்பறந்தான் துண்டுக்கடியில விரலைப் புடிச்சு வெலை பேசுவான். இங்க விலையைப் பளபளப்பான சீட்டுலயே அச்சடிச்சுக் குடுத்துடறாங்க. ஆனா அது குதிரைக்கு விலை இல்ல கண்ணு, ஒரு சேர்க்கைக்கு விலை. அதுவும் சேர்க்கைன்னு பேருதான். இந்த மாப்பிள்ளை பொண்ணு மூஞ்சியே பாக்கமாட்டான். பொம்மை மேல ஏற விட்டு, விந்தைப் புடிச்சு, குளிர்பெட்டியில வெச்சுக் கூரியர்ல தாட்டி விட்டுருவாங்க. புடிக்கறதுக்குத் தனிக் காசு, அனுப்பறதுக்குத் தனிக் காசு, இக்கட்ட உன்ற பொட்டைக்கு ஊசி போடற வைத்தியருக்குத் தனிக் காசு. குவார்ட்டர் குதிரைக்கு இது செல்லும். பந்தயத்துல ஓடற தரோபிரெட்டுன்னா ஜாக்கி கிளப் ஒத்துக்காது, நேர்ல சேந்தாத்தான் குட்டியைப் பதிவாங்க. அந்தச் சாதிக்காவது இந்தப் பொழப்புல ஒரு சந்தோசம் மிச்சமிருக்குது.

சீட்டுல "உயிருள்ள குட்டிக்கு உத்தரவாதம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானேங்கறயா? அடியில பொடி எழுத்தையும் படி. பெரும்பாலும் குட்டி எந்திரிச்சு நின்னு பால் குடிச்சாலே அவன் பொறுப்பு முடிஞ்சுது. அதுவும் இல்லாமப் போனா, மறு வருசம் இன்னொரு தடவை அனுப்பறேம்பான். காசு திரும்பி வராது.

இன்னொரு சங்கதி. இங்கிருந்து வடமேக்கே போனா வெர்னன்னு ஒரு ஊரு. அங்க வேகனர் பண்ணைக்கு எதுத்தாப்புல ரோட்டோரமாப் பெரிய கல்லு நட்டு ஒரு குதிரைக்குச் சமாதி இருக்குது. பேரு போக்கோ புவேனோ. 1944ல பொறந்தவன், 1969ல செத்தான். அவனை நின்ன கோலத்துலயே பொதைக்கோணும்னு பண்ணைக்காரர் பால் வேகனர் உயில் எழுதி வெச்சிருந்தாரு. அவரு ரெண்டு வருசம் முந்திப் போயிட்டாரு, ஆனாலும் சொன்னபடியே செஞ்சாங்க. செத்தும் அந்தக் குதிரையைப் படுக்க விடலை. அத்தனை பெருமை, அத்தனை கிராக்கி. நல்ல ரத்தம் வெளிய போயிரக்கூடாதுன்னு அவன் வம்சத்தைச் சொந்தத்துக்குள்ளயே சேத்திச் சேத்தி வளத்தாங்க.

சிரிக்காத. உன்ற அம்மாவுக்கு மொதல்ல என்ற தங்கச்சி பையனைத்தான் பேசி வெச்சிருந்தோம். அவன் பெங்களூருல ஒரு புள்ளையைப் பாத்துப்போட்டான். நீ தப்பிச்சே.

போக்கோ புவேனோ வம்சத்துல பல வருசம் கழிச்சு ஒரு சீக்கு தலைகாட்டுச்சு, ஹெர்டாங்கறாங்க. சேணம் போட்டுப் பழக்கற வயசுலதான் வெளிய தெரியும். முதுகுத்தோலு ஒட்டாத பிரிஞ்சு கழண்டுரும், புண்ணும் லேசுல ஆறாது. அப்பன் ஒரு பங்கு, ஆத்தா ஒரு பங்குன்னு ரெண்டு பக்கமும் சேந்து குடுத்தாத்தான் குட்டிக்கு வரும். ஒரு பங்கு மட்டும் வெச்சிருக்கற குதிரை கல்லாட்டம் இருக்கும், மேடையில சுத்தும், கைத்தட்டு வாங்கும். நீ எத்தனை மணி நேரம் வாயைப் பொளந்து பாத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இதைவிட இம்ப்ரெஸிவ்ங்கற குதிரை கதையைக் கேளு. 1974ல உலகச் சாம்பியன். ஓட்டமில்ல, மாட்டை மறிக்கற வேலையில்ல, சும்மா நிறுத்தி ஒடம்பைப் பாத்துக் குடுக்கற பட்டம். தொடையும் தோளும் அப்படித் திரண்டிருக்குமாம். ஊரே அவன்கிட்டக் குட்டி எடுத்துச்சு. அந்த வம்சத்துல சிலது திடீருன்னு சதை துடிச்சுக் காலு மடங்கி விழுந்துச்சுக. சிலது செத்தும் போச்சு. 1992ல மரபணுவுல கோளாறைக் கண்டுபுடிச்சாங்க. இதுக்கு ஒரு பக்கத்துப் பங்கே போதும். நடுவருங்க மெச்சுன அந்தச் சதைக்கட்டும் இந்தச் சீக்கும் கைகோத்துட்டு வந்ததுதான் கூத்து. பட்டம் குடுத்தவங்களே வருசக்கணக்கா நோவையும் சேத்தி வளத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் அந்தக் கோளாறை வாங்கிப் பொறந்தா, 2007லிருந்து குவார்ட்டர் குதிரைச் சங்கம் அந்தக் குட்டியைப் பதியறதேயில்ல.

அந்தச் சங்கம் 1940ல இந்த ஃபோர்ட் வொர்த்துலதான் ஆரம்பிச்சுது, அப்பறம் ஆபீசு அமரில்லோவுக்குப் போச்சு. பொலிக்குதிரைக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கி வெச்சிருக்காங்க. அதனால சாவடிக்குப் போனா அந்தக் காயிதத்தைக் கேளு. ஓசியில குடுக்கற தொப்பியை அப்பறம் வாங்கிக்கலாம். உன்ற பொட்டைக்கும் ஒரு கொத்து மசுரை வேரோட புடுங்கிக் கலிபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாச் சோதிச்சுச் சொல்லிருவாங்க.

குறையிருந்தா ஒதுக்கிரோணும்னு சொல்றேனா? அதுவுமில்ல. 1993ல பொறந்த கன்னர்னு ஒரு குதிரை, மூஞ்சி பூரா வெள்ளை, காது சுத்தமாக் கேக்காது. சவாரிக்காரன் உக்கார்ற தோதுலயும் காலு அழுத்தத்துலயும் சேதி வாங்கியே ரெயினிங் போட்டியில பேரெடுத்தான். அவன் புள்ளைகள்லயும் செவுடு உண்டு, ஜெயிச்சதும் உண்டு. மைக்கு அலறினாலும் மிரள மாட்டானே, அது அவனுக்கு வரமாக்கூட இருந்திருக்கும். செவுடுன்னு தெரிஞ்சே வாங்கறது வேற, வீட்டுக்கு வந்தப்பறம் தெரியறது வேற.

நீயி ஆம்பளைக் குதிரையையே பாத்துட்டு நிக்கற. குட்டிக்குப் பாதி ஆத்தாகிட்டிருந்து வருது. பதினொரு மாசம் வகுத்துல, அப்பறம் மாசக்கணக்கா மடியில. மிரளறதும் கடிக்கறதும் அவளைப் பாத்துத்தான் கத்துக்கும். நீ கம்மி விலைக்கு வாங்கப்போற பொட்டை, நொண்டிச்சதால வித்த பொட்டையா இருந்தா, அவ காலு குட்டிக்கும் வரலாம். ரெண்டும் உசத்தியா இருந்தாலும் வளக்கத் தெரியோணும். எழுநூறு வருசத்துக்கு முந்தி நம்ம காயல் துறைமுகத்துக்கு அரபு நாட்டுலிருந்து கப்பல் கப்பலாக் குதிரை எறங்குச்சு. பாண்டியன் பொன்னை வாரிக் கொட்டினான். உசந்த பொலியையும் உசந்த பொட்டையையும் சேத்தினாக்கூட இந்தச் சீமையில காலு கோணின சின்னக் குட்டிதான் பொறக்குதுன்னு மார்க்கோ போலோ எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான். தீனியும் வைத்தியமும் தெரிஞ்ச ஆளு அங்க இல்லைன்னும் அவனேதான் எழுதினான். உன்ற வீட்டுல தெரிஞ்ச ஆளு யாரு கண்ணு? யூடியூபா?

குட்டி பொறந்துச்சுன்னே வெச்சுக்கோ. சவாரிக்கு ஆகறதுக்குள்ள ரெண்டு மூணு வருசம் தீனி, லாடம், ஊசி, பழக்கறவன் கூலி. அப்பறம் உனக்கு வேலை மாறும், இல்ல கலியாணம் ஆகும். வித்துப்போடலாம்ப. உன்னை மாதிரியே ஆசைப்பட்டவங்க விக்கறதுக்கு வரிசையில நிப்பாங்க. வேண்டாத குதிரை எங்க போகும்னு தெரியுமா? இதே ஃபோர்ட் வொர்த்துல குதிரை அறுக்கற ஆலை ஒண்ணு இருந்துச்சு, காஃப்மேன்ல இன்னொண்ணு. 1949லயே போட்டு வெச்ச டெக்சாஸ் சட்டம் செல்லும்னு கோர்ட்டு சொல்லி 2007ல மூடினாங்க. ஆலைதான் மூடுச்சு. லாரி எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போச்சு.

அதனால அப்புச்சி சொல்றதைக் கேளு. கொட்டாயைச் சுத்தி வா, அழகைப் பாரு, போட்டோ எடு, ஃபேஸ்புக்குல போடு. பின்னங்காலுக்கு நேரா மட்டும் நிக்காத. அவன் உன்ற சம்பளத்தைப் பாத்து ஒதைக்கறதில்ல. சீட்டை வாங்கி மடிச்சு வெச்சுக்கோ, கையெழுத்துப் போடாத. குதிரை ஆசை தீரலைன்னா, காயடிச்சு, பத்து வயசு தாண்டி, நாலு புள்ளைகளை முதுகுல சொமந்து பழகின சாதுவா ஒண்ணைப் பாரு. உனக்குன்னு ஒரு வைத்தியரை வெச்சுக் காலைச் சோதிச்சுட்டு வாங்கு. விக்கறவன் காட்டற வைத்தியரு வேண்டாம். அடுத்த தடவை நான் வர்றப்ப என்னையும் ஒருக்கா மேல ஏத்தி விடு, உன்ற ஆயாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத.