ஓரத்தில் போனால்?

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலில் டோனி லாக்கெட் 1,360 கோல் அடித்தாராமே! நம்ம வடசென்னை ஃபார்வேர்டு யாராவது கிட்டே நெருங்க முடியுமா?
*– ஒரு வாசகர், மூலக்கொத்தளம்*

அங்கே நாலு கம்பம். நடுவே போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனாலும் ஒரு புள்ளி. இங்கே ஓரத்தில் போனால் பந்து எதிராளிக்கு!

உங்கள் பக்கத்து வியாசர்பாடி நந்தகுமார் சேகருக்கு ஒரே கோல் போதுமாக இருந்தது. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, 60ஆவது நிமிடம்: ஈஸ்ட் பெங்கால் 1, மோகன் பகான் 0. இந்தக் கொல்கத்தா டெர்பியில் தொடர்ந்து 8 முறை தோற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு நான்கரை ஆண்டுக்குப் பிறகு டெர்பி வெற்றி. அதே மாதம் அரையிறுதியில் கடைசி நொடிகளில் சமன் செய்து, ஆட்டத்தைப் பெனால்டிக்குக் கொண்டுபோனதும் அவரே. கொல்கத்தா கொண்டாடிய அந்தப் பையனை வடசென்னை இன்னும் உரக்கக் கொண்டாட வேண்டும்.