கைக்கு அங்கிள்

ஹைதராபாத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரே சந்தேகத்தை நான்கு தடவை கேட்கலாம். வீட்டில் ‘ஏன்’, வாட்ச்மேனிடம் ‘எந்துக்கு’, ஆட்டோக்காரரிடம் ‘கைக்கு’, பள்ளிக்கூடத்தில் ‘வொய்’. இதில் ‘கைக்கு’ என்பது தக்கணி உருது. மதுரையிலிருந்து வந்திருந்த என் சம்பந்தி, எல்லோரும் ‘கைக்கு, கைக்கு’ என்கிறார்களே, கையில் ஏதாவது வைக்க வேண்டுமோ என்று நான்கு நாள் பர்ஸும் கையுமாகவே நடந்தார்.

அல்வாலில் எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் இந்த நான்கையும் ஒரே வாயில் வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார். குழந்தை இல்லை, குழந்தையின் அப்பா. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘கைக்கு அங்கிள்’. இந்த ரகம் இப்போது எல்லாக் குடியிருப்புகளிலும் ஒன்றிரண்டு தென்படுகிறது. அடையாளம் சுலபம். மற்ற அப்பாக்கள் குழந்தை கேட்டால் பதில் சொல்வார்கள், அல்லது அம்மாவிடம் அனுப்புவார்கள். இவர் குழந்தை கேட்பதற்கு முன்பே தானே கேட்டுவிடுவார். “லிஃப்ட் இறங்கறப்ப வயித்துல என்னமோ பண்ணுதே, கைக்கு?” கதவு திறந்தாலும் பதில் வரும்வரை யாரும் வெளியே போக முடியாது. குறுக்கே ஒரு காலை வைத்துக்கொள்வார். நான் காய்கறிப் பையோடு நின்று நியூட்டனைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

காலையில் அவர் வீட்டில் தோசை நடப்பதைப் பார்க்க வேண்டும். கல் காய்ந்துவிட்டதா என்று அவர் மனைவி தண்ணீர் தெளிப்பார். உடனே ஹாலிலிருந்து குரல்: “நில்லு, நில்லு! பாப்பா, ஓடி வா!” சொட்டுகள் உடனே ஆவியாகாமல் கல்மேல் உருண்டு ஓடுகின்றன அல்லவா? அடியில் நீராவியே மெத்தை மாதிரி விரிந்து சொட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் என்கிற ஜெர்மன் டாக்டர் இதை எழுதிவைத்தார். “இன்னொரு தடவை தெளி.” தெளிப்பார். “இன்னும் கொஞ்சம்.” கல் ஆறிப்போகும். மறுபடி காய வேண்டும். பாப்பா தட்டைப் பிடித்தபடி நிற்பாள்.

“அப்பா, தோசை.”

“தோசை எங்கயும் போயிடாதும்மா.”

“வேன் போயிடும்பா.”

அடுப்படியிலிருந்து ஒரு பெருமூச்சு: “அந்த லைடன்ஃப்ராஸ்ட்டையே கட்டிக்கிட்டிருக்கலாம். அவராவது டாக்டர்.”

கைக்கு அங்கிளுக்கு ஆதர்சம் அர்விந்த் குப்தா, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ட்யூப்பால் இணைத்து வடிவியல் சொல்லித்தந்தவர். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்வதைப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர். மூன்று குச்சியைச் சேர்த்தால் அசையாத முக்கோணம். நான்கைச் சேர்த்தால் தொட்டதும் சாய்கிற சதுரம். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கே வந்தது. ஆனால் இரண்டாவது மாடிக்காரர் குப்பையோடு நின்றுவிட்டார், பொம்மைக்கு இன்னும் வரவில்லை. பால்கனி முழுக்கப் பாட்டில் மூடி, முட்டை அட்டை, தேங்காய் ஓடு. தெருவில் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் கூவினால் அந்த அம்மாள் பால்கனியைப் பார்ப்பார், இவர் பால்கனிக்குக் குறுக்கே நிற்பார். பாப்பாவுக்கு அந்தக் குவியலில் பிடித்தது ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றுதான். இரண்டு நாள் அதற்குள் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், “உள்ள இருக்கேன்” என்றாள். அதற்கு அவரிடம் பாடத்திட்டம் இல்லை.

அங்கேதான் சிக்கல். பாப்பாவின் சொந்தக் கேள்விகள் அவர் தயாராக வைத்திருக்கும் கேள்விகளோடு ஒத்துப்போவதே கிடையாது. பள்ளியில் தெலுங்கில் நான்கு ‘க’ எழுதிவிட்டு வந்து, தமிழில் மட்டும் ஏன் ஒன்று என்றாள். மனிதர் உற்சாகமாகிவிட்டார். ‘கல்’ என்றால் ஒரு ஒலி, ‘பங்கு’ என்றால் வேறொன்று, ‘அகல்’ என்றால் இன்னொன்று. எழுத்து இருக்கிற இடமே ஒலியைச் சொல்லிவிடும், நான்கு எதற்கு என்று முக்கால் மணி நேரம். கடைசியில் அவள் கேட்டாள்: “அப்ப காந்தித் தாத்தா?” அவர் குளிக்கப் போனார், போனை எடுத்துக்கொண்டு. இன்னொரு நாள், பாட்டி ஏன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள் என்று கேட்டதற்கு, நோட்டில் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டி நிமிராமலே சொன்னாள்: “மூக்கு அடச்சிருக்குடி.”

கொசு விவகாரத்துக்கு வருகிறேன். இங்கே ஏரி இருக்கிறது, ஆகவே கொசு இருக்கிறது. சாதாரண மனிதனுக்கு இது கொசுவத்தி வாங்குகிற விஷயம். இவருக்கு வரலாறு. அல்வாலிலிருந்து பேகம்பேட்டை அரை மணி ஆட்டோ தூரம். அங்கேதான் ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்கு 1902இல் நோபல் பரிசு. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒரு ஞாயிறு பாப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார். வந்த ராத்திரியே ஃபேனை நிறுத்தினார். ராஸ் பங்கா போட்டுக்கொள்ளவில்லையாம், காற்றில் கொசு பறந்துவிடும் என்று. வியர்வை பட்டு அவருடைய மைக்ராஸ்கோப் திருகுகள் துருப்பிடித்துப் போயிருந்தன. இவரிடம் மைக்ராஸ்கோப் இல்லை, பொருட்காட்சியில் வாங்கிய பூதக்கண்ணாடி. அப்பாவும் பெண்ணும் சுவர் சுவராகத் தேடினார்கள். மலேரியா பரப்புகிற அனாஃபிலிஸ் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொள்ளும், மற்றவை சுவருக்கு இணையாக உட்காரும். பின்பக்கம் தூக்கியது ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றவை திருப்தியாகச் சாப்பிட்டன.

ராஸின் கதையில் பாப்பா பிடித்துக்கொண்டது ராஸை அல்ல, ஹுசேன் கானை. கொசுவுக்கு ரத்தம் கொடுக்க உட்கார்ந்த நோயாளி. கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. காலையில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். பதினேழு.

அப்பாவுக்குப் பெருமை. பதினாறு அணா ஒரு ரூபாய், 1957இல் நயா பைசா வந்ததும் அணா போய்விட்டது, ஓரணா என்றால் ஆறேகால் பைசா என்று ஒரு பாடம் நடந்தது. கணக்கைத் தீர்த்து ஒரு ரூபாய் நாணயம் கொடுத்தார். மீதி ஓரணா எங்கே என்றாள். அடுத்த கடியோடு சேர்த்துத் தருகிறேன் என்றார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வீட்டுப் பால்கனியில், முட்டை அட்டைகளுக்கு நடுவே, ஐந்து குழந்தைகள் பாவாடையையும் கால்சட்டையையும் முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா உட்காரவில்லை. பென்சிலோடு நடந்துகொண்டிருந்தாள். விசாரித்ததில், அப்பாவிடமிருந்து வருவது கடிக்கு ஓரணா, இவர்களுக்கு அரையணா, மீதி மேற்பார்வைக்கு. வாட்ச்மேன் மகள் எந்துக்கு என்று கேட்டதற்கு, சுவர் எங்கள் வீட்டுச் சுவர் என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

வரிசையில் மூன்றாவது என் பேத்தி. ஒன்பது கடி. நாலரை அணா இன்னும் வரவில்லை.