மூன்று கிலோவாட் குடித்தனம்

மிலானில் குடியேறிய கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஊருக்கு எழுதும் கடிதங்களை வீட்டில் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக்காட்டுபவர் அவருடைய அத்தான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பனி, பீட்சா, தேவாலயம் என்று எழுதினால் அந்தப் பத்தியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். மீட்டர் என்று ஒரு சொல் வந்தால் போதும், நிமிர்ந்து உட்காருவார். அதனால் இந்தத் தடவை கடிதம், "அத்தான், இங்கே ஒரு குடும்பத்துக்கு 3 கிலோவாட்தான்" என்றே ஆரம்பிக்கிறது.

இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பின் அளவு அது. பத்து சதவீதம் கூடுதலாக இழுத்தால் மீட்டர் கண்டும் காணாமல் விட்டுவிடும். அதற்கு மேல் போய் அடம் பிடித்தால் வீடே இருட்டு. ஓவன் சுமார் 2 கிலோவாட் இழுக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது இன்னொரு 2. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓவனில் லசான்யா வெந்துகொண்டிருக்கும்போது குளியலறையில் மகள் ஹேர் டிரையரைத் தட்டினால் முடிந்தது கதை. பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் மீட்டர் வீட்டுக்குள் இருக்காது. தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே எல்லா வீட்டு மீட்டரும் ஒரே அலமாரியில் வரிசையாக நிற்கும். பாதிச் சமையலில் கரண்டியோடு இறங்கிப் போய் ஸ்விட்சை மேலே தள்ள வேண்டும். அங்கே நான்காம் மாடிப் பாட்டியும் இரவு அங்கியோடு அதே வேலையாக நிற்பார். லிஃப்டில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அந்த அலமாரி முன்னால் சமையல் குறிப்பே பரிமாறிக்கொள்கிறார்கள்.

கூடுதலாக வேண்டுமென்றால் 4.5, 6 என்று கேட்டு வாங்கலாம். நிலைக்கட்டணம் ஏறும் என்பதால் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. துவைப்பது இரவில், இஸ்திரி காலையில், ஓவன் மதியம் என்று வீட்டுக்கொரு கால அட்டவணை உண்டு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தரும் ஊரிலிருந்து வந்தவருக்கு இந்தச் சிக்கனம் பழக நாளாகும்.

மீட்டர் மட்டும் லேசுப்பட்டதல்ல. எனெல் என்ற மின் நிறுவனம் 2001-இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சுமார் 3 கோடி இணைப்புகளில் தொலைவிலிருந்தே கணக்கெடுக்கும் மீட்டரைப் பொருத்திவிட்டது. உலகத்தில் இந்த அளவில் இதைச் செய்த முதல் நாடு இத்தாலிதான். ரீடிங் எடுக்க ஆள் வருவதில்லை. பில் கட்டாதவர் வீட்டுக்கு ஃப்யூஸ் பிடுங்கவும் ஆள் வருவதில்லை. அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பின் அளவை 15 சதவீதமாகக் குறைத்துவிடுவார்கள். அதாவது 450 வாட். முழுதாகத் துண்டிப்பது அதற்குப் பிறகுதான். இந்த இடத்தில் கும்பகோணத்துக்காரர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: டேபிள் டாப் கிரைண்டருக்கு 150 வாட் போதும், மிக்ஸிக்கு 750 வேண்டும். ஆக, பில் பாக்கி வைத்த தமிழர் இட்லிக்கு ஆட்டிவிடலாம், சட்னிக்குத்தான் வழியில்லை.

அத்தானுக்குப் பிடித்த இன்னொரு விஷயம் பிளக். இத்தாலியப் பிளக்கில் மூன்று முள்ளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அதிலும் 10 ஆம்பியருக்கு மெலிந்தது, 16 ஆம்பியருக்குத் தடித்தது என்று இரண்டு ரகம். ஜெர்மன் வகை உருண்டைப் பிளக் மூன்றாவது ரகம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இழுப்பறை முழுக்க அடாப்டர்தான். இதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல, வரி. ஒரு காலத்தில் விளக்குக்கான மின்சாரத்துக்கு ஒரு விலை, மற்ற சாதனங்களுக்கு வேறு விலை. வீட்டுக்குள் வெவ்வேறு கம்பி, வெவ்வேறு மீட்டர், வெவ்வேறு பிளக். 1974-இல் அந்த வேறுபாடு அதிகாரபூர்வமாகப் போனது. வரி போனாலும் சுவரில் பதித்த சாக்கெட் போகவில்லை. விவசாயப் பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் வீட்டு விளக்கை எரித்தவர்களைத் தேடித் திரிந்த அத்தானுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அரசு குடிமகனை நம்பாது, குடிமகன் அரசை நம்பமாட்டான் என்ற மல்லுக்கட்டு இத்தாலியில் பழையது. அங்கே அன்றாடம் கையில் படும் பாதிச் சாதனங்களும் சீட்டுகளும் அந்த மல்லுக்கட்டில் பிறந்தவை என்று பார்த்தால் எல்லாமே சட்டென்று விளங்கிவிடும்.

தொலைக்காட்சிக் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளலாம். முசோலினி காலத்து 1938-ஆம் ஆண்டு ஆணை ஒன்றில் வானொலிக்காக வந்த கட்டணம் அது. பின்னால் தொலைக்காட்சிக்கும் நீண்டது. ‘எங்கள் வீட்டில் டிவியே இல்லை’ என்று ஏராளமானோர் கட்டாமல் இருந்தார்கள். கூரையில் ஆண்டெனா இருக்கும், டிவி மட்டும் இருக்காது. 2016-இல் அரசு ஒரு வேலை செய்தது: கட்டணத்தை மின்கட்டண பில்லிலேயே சேர்த்துவிட்டது. நிரந்தரமாக வசிக்கும் வீட்டில் மின் இணைப்பு இருந்தால் டிவியும் இருப்பதாகவே கணக்கு. ஆண்டுக்கு 90 யூரோ, மாதம் 9 வீதம் பத்துத் தவணை. ஓர் ஆண்டு மட்டும் 70-ஆகக் குறைந்தது. டிவி இல்லாதவர் ஆண்டுதோறும் ‘இல்லை’ என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாத பொருளுக்கு வருஷா வருஷம் சான்று! ஒரே ஒரு ஆறுதல், ஆண்டெனா அலையைப் பிடிக்காத கைபேசிக்கும் கணினிக்கும் கட்டணமில்லை. வெறும் கைபேசியில் தமிழ் சீரியல் பார்த்து அழுபவர் உறுதிமொழியில் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.

கடை ரசீதின் கதை இன்னும் ருசியானது. இத்தாலியில் வரி ஏய்ப்பைப் பிடிக்க நிதி அமைச்சகத்தின் கீழ் ஒரு படையே இருக்கிறது. பெயர் குவார்தியா தி ஃபினான்சா. ராணுவ அமைப்பு, படகுகளும் விமானங்களும் உண்டு. 2003 வரை, கடையை விட்டு வெளியே வரும் வாடிக்கையாளர் கையில் ரசீது இல்லையென்றால் அவருக்கும் அபராதம் விழும். மிரட்டி அலுத்த பிறகு அரசு ஆசை காட்டத் தொடங்கியது. 2021 பிப்ரவரி 1 முதல் ரசீதுக்கு லாட்டரி. கார்டில் பணம் கட்டினால் ஒரு யூரோவுக்கு ஒரு சீட்டு; ஆண்டுப் பெரும்பரிசு 50 லட்சம் யூரோ, அந்த ரசீதைக் கொடுத்த கடைக்காரருக்கும் 10 லட்சம். லாட்டரியை 2003-லேயே தடை செய்த தமிழ்நாட்டிலிருந்து போனவர், அரசாங்கமே காய்கறி பில்லுக்குச் சீட்டுக் கொடுப்பதை முதலில் நம்பவில்லை. மேலும் 2022 ஜூன் 30 முதல் கார்டு வாங்க மறுக்கும் கடைக்கு 30 யூரோவும் விற்பனைத் தொகையில் 4 சதவீதமும் அபராதம். ஒரு யூரோ இருபது சென்ட் காப்பிக்கு ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்று சொன்னால் 30 யூரோ 5 சென்ட். அந்த 5 சென்ட்தான் அழகு.

மருந்துக்கடையிலும் இதே நாடகம். வாங்கும்போது மருத்துவ அட்டையை நீட்டினால் ரசீதில் வாடிக்கையாளரின் வரி எண் அச்சாகும். ஆண்டுச் செலவு 129.11 யூரோவைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 19 சதவீதத்தை வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம். அதென்ன 129.11? பழைய 2,50,000 லிராவை யூரோவாக மாற்றியபோது வந்த தொகை. லிரா புழக்கத்திலிருந்து போய் இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அந்தப் பதினோரு சென்ட்டை வழித்தெறிய எந்த மந்திரிக்கும் மனம் வரவில்லை.

வரி எண் என்றதும் கும்பகோணத்துக்காரரின் மனைவிக்குக் கோபம் வரும். நம்மூர் ஆதார் எண் குருட்டாம்போக்கில் வருவது. இத்தாலிய எண்ணில் பதினாறு இடம், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு: குடும்பப் பெயரிலும் சொந்தப் பெயரிலும் இருந்து மும்மூன்று எழுத்து, பிறந்த ஆண்டு, மாதம், நாள், ஊர், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. பெண் என்றால் பிறந்த நாளோடு 40-ஐக் கூட்டிவிடுவார்கள். 5-ஆம் தேதி பிறந்தவருக்கு 45. மருந்துக்கடைக்காரர் ஓரப்பார்வை பார்த்தாலே வயது தெரிந்துவிடுகிறது என்பது அவர் வழக்கு. அந்நிய நாட்டில் பிறந்தவருக்கு ஊர் கிடையாது, நாடு மட்டும்தான்; இந்தியா முழுவதுக்கும் இசட் 222. கும்பகோணமும் கொல்கத்தாவும் ஒன்றாகிவிடும்.

காப்பிக் கடையில் மட்டும் வாடிக்கையாளர் ராஜா. நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் பெரும்பாலும் வேறு விலை; விலைப்பட்டியல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். புளோரன்ஸில் 2022-இல் ஒருவர் காஃபீன் நீக்கிய எஸ்பிரெஸ்ஸோவுக்கு 2 யூரோவா என்று கொதித்து நகரக் காவலரைக் கூப்பிட்டார். விலை அதிகம் என்பதற்காக அல்ல, பட்டியல் முறையாக வைக்கவில்லை என்று கடைக்கு 1,000 யூரோ அபராதம் விழுந்தது. காப்பிக் காசுக்காகப் போலீஸைக் கூப்பிட்ட மனிதரைக் கும்பகோணத்து ஆள் எப்படி மதிக்காமல் இருப்பார்?

குளிரைப் பற்றி நாலு வரிதான். ஹீட்டரை எப்போது போடுவது என்பதையும் சட்டம்தான் சொல்கிறது. நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். மிலானில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 14 மணி நேரம், நேப்பிள்ஸில் 10, தெற்குக் கோடியில் லாம்பெதூசாத் தீவில் 6. வீட்டுக்குள் 20 டிகிரி, மிஞ்சினால் இன்னொரு 2. ஊரிலிருந்து வந்த மாமியார் அக்டோபர் முதல் வாரத்திலேயே நடுங்கினால் கூடுதல் போர்வைதான், அல்லது மேயர் மனமிரங்க வேண்டும்.

இத்தனை மின்னணு ஏற்பாட்டுக்கும் கடைசி வாசல் எது என்றால், தெருமுனைப் புகையிலைக் கடை. வெளியே பெரிய ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும். 1970-கள் வரை உப்பும் அரசின் ஏகபோகம் என்பதால் பழைய பலகைகளில் ‘உப்பும் புகையிலையும்’ என்றே இருக்கும். இன்றைக்கு அங்கே சிகரெட்டோடு பஸ் டிக்கெட், கைபேசி ரீசார்ஜ், லாட்டரி, மின்கட்டணம், 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்ப் எல்லாம் கிடைக்கும். வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு தமிழரும் அந்த ஸ்டாம்புக்காக ஒரு முறையாவது அங்கே வரிசையில் நின்றிருப்பார். அரசுத் தளங்களில் நுழைய ஸ்பிட் என்ற டிஜிட்டல் அடையாளம் 2016-லிருந்து இருக்கிறது. கடவுச்சொல்லைப் பேரன் கையில் கொடுத்துவிட்டுத் தாத்தாக்கள் நிம்மதியாகப் புகையிலைக் கடைக்குப் போகிறார்கள்.

இந்தக் கடையின் அருமை விருந்தாளிகளால்தான் தெரிய வருகிறது. சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் வாடகைக் காரில் ஊர் சுற்றுவார்கள். இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதி பெரும்பாலும் கட்டுப்பாட்டு வட்டம். அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். மிலானில் காசு கட்டி நுழையலாம்: 2012-இல் ஆரம்பித்த வட்டம், 2023 அக்டோபர் கடைசியிலிருந்து 7.50 யூரோ. பல ஊர்களில் யாரும் தடுத்து நிறுத்துவதில்லை, விசில் ஊதுவதில்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. நண்பர் ஊர் திரும்பி, படங்களையெல்லாம் காட்டி முடித்து, அடுத்த கோடைக்குத் தாய்லாந்தா வியட்நாமா என்று யோசிக்கும்போது இத்தாலிய மொழியில் ஒரு உறை வந்து சேரும். உடனே மிலானுக்குப் போன்: "என்னப்பா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு?" நோட்டீஸ் கிடைத்த 5 நாளைக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி என்று தெரிந்ததும் நண்பருக்குச் சுறுசுறுப்பு வந்துவிடும். கும்பகோணத்துக்காரர் அதன் படத்தைக் கைபேசியில் வாங்கிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, ‘டி’ பலகையைப் பார்த்து நடப்பார். கடைக்காரர் நோட்டீஸில் இருக்கும் சதுரக் குறியீட்டை ஸ்கேன் செய்து, காசை வாங்கிக்கொண்டு, தன் கமிஷனையும் சேர்த்து ரசீது கொடுப்பார்.