கட்டம் கட்டமாக ஒரு விலைப் பட்டியல்

நோக்கியா 6600-இன் திரை அகலம் 176 புள்ளி. ஏலக்காய் ஏல விலை போடும் இணையப் பக்கத்துக்கோ எட்டுப் பத்தி வேண்டும்: வரிசை எண், தேதி, ஏலம் நடத்தும் கம்பெனி, எத்தனை லாட், வரத்து எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, உச்ச விலை, சராசரி விலை. போடிநாயக்கனூரில் யாருக்கும் தேவை அந்தக் கடைசிப் பத்தி மட்டும்தான்.

போன் அந்தப் பட்டியலை எப்படியாவது தன் திரைக்குள் அடைக்கப் பார்க்கும். குறுக்கே போன பத்திகளைப் பிரித்து எல்லா எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். எது லாட், எது கிலோ, எது ரூபாய் என்று யார் சொல்வது? நாங்களே ஒரு சூத்திரம் வைத்திருந்தோம். ஐந்து இலக்கம் என்றால் கிலோ, மூன்று இலக்கம் என்றால் லாட், நான்கு இலக்கம் என்றால் விலை. 2010-இல் இது அருமையாக வேலை செய்தது. 2011-இல் காய் விலை ஆயிரத்துக்குக் கீழே சரிந்தது. லாட்டும் விலையும் ஒரே மூன்று இலக்கமாகிவிட்டன. விவசாயிக்கு வயிறு எரிந்தது, எனக்கு சூத்திரமும் போனது.

செய்தி படிக்கலாம் என்றால் அது வேறு கூத்து. போனில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆண்டிபட்டியில் மழை பெய்ததோ இல்லையோ, திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும், கிரகம் எழுதாத ஜாதகம் மாதிரி. அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஓபெரா மினி என்ற பிரவுசர், 2006-இல் உலகம் முழுக்க விட்டார்கள். அதன் முகவரிக் கட்டத்தில் ‘ஓபெரா’, ஒரு முக்கால்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ‘ஓ’வுக்கு 6-ஐ மூன்று அமுக்கு, ‘பி’க்கு 7-ஐ ஒரு அமுக்கு, ‘ஈ’க்கு 3-ஐ இரண்டு. முக்கால்புள்ளி எந்தப் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவன் அந்தக் காலத்தில் தெருவுக்கே ஆசான். உள்ளே போனால் பட்டியலின் அடியில் ஒரு வரி இருக்கும். அதில் ‘இல்லை’ என்பதை ‘ஆம்’ ஆக்கிவிட்டால் தமிழ் வந்துவிடும்.

வந்தது எழுத்தாக அல்ல, படமாக. நார்வே நாட்டுக் கம்பெனியின் சர்வர் பக்கத்தை வாங்கி, சுருக்கி, தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். பக்கத்து ஊர் மழைச் செய்தி கடல் கடந்து போய், போட்டோ பிடித்துக்கொண்டு, முந்தல் அடிவாரத்துக்குத் திரும்பி வரும். பணக்காரர்களும் அப்படி ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை: 2007-இல் வந்த முதல் ஐபோனில் 3ஜி கிடையாது, ஃப்ளாஷ் ஓடாது, இரண்டு வரியைக் காப்பி பண்ணி ஒட்டவும் முடியாது.

மலைமேல் சாந்தம்பாறைப் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். அவரிடம் இருந்தது பேச மட்டும் உதவும் போன்; ஏலம் முடிந்ததும் ரேட் சொல்லும் பொறுப்பு என் தலையில். ஜிபிஆர்எஸ் நெட்டில் பேச்சும் பக்கமும் சேர்ந்து ஓடாது. பக்கம் பாதி இறங்கியிருக்கும்போது மாமா அழைப்பார்; பக்கம் நின்றுவிடும்.

“மாப்ள, என்ன ரேட்டு?”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மாமா, நீங்க கூப்பிட்டீங்க, நின்னுபோச்சு.”

“சரி பாரு. நான் அஞ்சு நிமிசத்துல கூப்பிடுறேன்.”

ஐந்தாவது நிமிடம் பக்கம் மறுபடி பாதியில் இருக்கும்.

நானே மலைக்குப் போனால் இன்னும் மோசம். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தொட்டதும் போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு நல்வரவு சொல்லும். தமிழ்நாட்டில் போட்ட நெட் பேக் ரோமிங்கில் செல்லாது. காய் விளைகிற இடத்தில் விலை தெரியாது, விலை தெரிகிற இடத்தில் காய் விளையாது. அதிலும் ஒரு சௌகரியம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ரேட் மோசமாக இருக்கும் அன்றைக்கு “நெட் கிடைக்கல மாமா” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலை 2010 இறுதியில் நிறுத்தினார்கள். அகல ரயில் போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூனில். தண்டவாளம் மாற்றி முடிப்பதற்குள் 3ஜி வந்து, 4ஜி வந்து, நாட்டில் 5ஜியும் தொடங்கிவிட்டது. இப்போது மாமாவிடம் என்னுடையதைவிட நல்ல போன் இருக்கிறது. தமிழ் எழுத்து எழுத்தாகவே வருகிறது. செய்தியைத் தொட்டால் முதலில் குக்கீ சம்மதம் கேட்கிறது, பிறகு அறிவிப்பு அனுப்பலாமா என்கிறது, பிறகு நீங்கள் இருக்கும் இடம் எது என்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, ஆப்பை இறக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்கிறது. சராசரியாக ஒரு பக்கம் இன்று 2 எம்பிக்கு மேல். 6600-இன் சொந்த நினைவகமே 6 எம்பிதான். மூன்று பக்கத்துக்கு ஒரு போன் வாங்கியிருக்க வேண்டும்.

ஏல விலையை இப்போது யாரும் பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை. கூடத்தில் லாட் முடியும் முன்பே வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டபோது, அந்த எண் மலை முழுக்கப் பரவ ஒரு டீ ஆறும் நேரம் ஆகவில்லை. ஏன் ஏறியது என்பதற்கு அன்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. இறங்கினால்தான் யாரிடமும் காரணம் இருப்பதில்லை.

ரேட்டை எனக்கு முன்பே பார்த்துவிட்டாலும் மாமா இன்றும் கூப்பிடத்தான் செய்கிறார். போன வாரம் விலை இறங்கிய அன்றும் கூப்பிட்டார்.

“மாப்ள, என் போன்ல நெட் சரியில்லை போல, கம்மியாக் காட்டுது. உன் போன்ல எம்புட்டுக் காட்டுது?”