பம்பரா, போனஸா?

ஸ்ரீராம்புரத்தில் கார் வாங்குவது சுலபம் சார், நிறுத்துவதுதான் பிரம்மப் பிரயத்தனம். எங்கள் தெரு ஒரு கார், ஒரு தள்ளுவண்டி, ஒரு மாடு வரைக்கும் தாங்கும். நாலாவதாக எது நுழைந்தாலும் ஏதாவது ஒன்று நசுங்கியே ஆகவேண்டும். இந்தத் தடவை நசுங்கியது என் காரின் பின் பம்பர். ராத்திரி வாசலில் ஒழுங்காக நின்ற வண்டி, விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் கிளிப் தெறித்து, பம்பர் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. தண்ணி டேங்கர் வேலைதான் என்று எதிர்வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அவரே இப்போதுதான் ரிவர்ஸ் எடுக்கப் பழகுகிறார் என்பதை மரியாதை கருதி நான் சொல்லவில்லை.

ராஜாஜி நகர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பம்பரைப் பார்க்கக்கூட இல்லை. "கேஷா சார், கிளெய்ம் மாட்தீரா?" என்றார். கிளெய்ம் என்றால் 9,000, கேஷ் என்றால் 6,500. அதே பம்பர், அதே பெயிண்ட்தான்.

"வருஷா வருஷம் பிரீமியம் கட்டறது எதுக்காம்? கிளெய்ம் போடுங்க" என்றாள் மனைவி. நியாயம்தானே? மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து, முதல் தடவையாகப் பாலிசியைப் படித்தேன். பம்பர் 5,000, ஆனால் பிளாஸ்டிக் சாமானாம், தேய்மானம் என்று பாதியை வெட்டிவிடுவார்கள். பெயிண்ட் 2,000, அதிலும் பாதி. கூலி 2,000, அது மட்டும் முழுசாக வரும். (தேய்மானமே கழிக்காத ஜீரோ டெப் பாலிசியை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஏஜென்ட் கெஞ்சினார். என்னை ஏமாற்ற முடியுமா? வேண்டாம் என்றுவிட்டேன்.) அது போக நம் பங்காகக் கட்டாயம் ஏற்கவேண்டியது ஓர் ஆயிரம். ஆகக் கைக்கு வருவது 4,500.

அதுகூடப் பரவாயில்லை, நோ கிளெய்ம் போனஸ் என்று ஒன்று இருக்கிறதே! கிளெய்ம் போடாமல் ஒரு வருஷம் ஓட்டினால் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50. நான் 50-இல் இருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.க்கு அப்புறம் நான் தேறிய ஒரே பரீட்சை இது. காரை விற்றாலும் போனஸ் வண்டியோடு போகாது, என்னோடுதான் வரும். ஒரு கிளெய்ம் போட்டேனோ, அடுத்த வருஷம் பூஜ்யம். மறுபடி அடிப்படியிலிருந்து ஏறணும்.

காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். என் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 8,000, போனஸ் புண்ணியத்தில் கட்டுவது 4,000. பிரீமியம் ஏறாமல் இறங்காமல் இருந்தால், பழையபடி 50-ஐத் தொடுவதற்குள் வருஷா வருஷம் கூடுதலாக அழவேண்டியது 4,000, 2,400, 2,000, 1,200, 400. சுளையாகப் பத்தாயிரம்!

மறுபேச்சில்லாமல் கேஷ் கொடுத்துப் பம்பரை மாட்டிக்கொண்டு வந்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கிளெய்ம் போட்டிருந்தா கையை விட்டு 14,500 போயிருக்கும். இப்ப வெறும் 6,500. நமக்கு 8,000 லாபம், தெரியுமா?" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

"அப்படியா?" என்று கையை நீட்டினாள். "எடுங்க."