சொட்டு நீலமும் சுத்தமான மனசாட்சியும்

அமெரிக்காவில் நவம்பர் பிறந்துவிட்டால் சில வீடுகளில் குளியலறை காலியாகக் கிடைக்காது. உள்ளே சேவல் குளித்துக்கொண்டிருக்கும். ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் கூடும் பெரிய கோழிக் கண்காட்சிக்கு இன்னும் நாலு நாள்தான் பாக்கி. வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டியருகே மண்டியிட்டிருப்பார். மனைவி கதவைத் தட்டினால், "இப்பதான் ரெண்டாவது தண்ணிக்கு வந்திருக்கான், கொஞ்சம் பொறு" என்று பதில் வரும். பெற்ற பிள்ளைகளுக்கு இப்படி ஒருநாளாவது தலைக்கு ஊற்றியதுண்டா என்று அந்த அம்மாள் கேட்பதில்லை. கேட்டு அலுத்துப் பல வருஷமாகிவிட்டது.

கண்காட்சிக் கோழிக்காரர் ஒரு தனி ரகம். பிழைப்புக்கு என்ன வேண்டுமானாலும் செய்வார்: தபால்காரராக இருப்பார், பல் டாக்டராக இருப்பார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராகவும் இருப்பார். ஆனால் கறிக்காகவோ முட்டைக்காகவோ கோழி வளர்க்க மாட்டார். கோழி குருடானாலும் குழம்பு ருசியாக இருந்தால் சரி என்று அவர் காதுபட யாராவது சொன்னால், அதற்கப்புறம் அந்த வீட்டில் சொன்னவருக்குக் காப்பி கிடைக்காது. லெகார்ன் சேவல் என்றால் கொண்டையில் ஐந்து முள், இறக்கையில் பத்துப் பெரிய இறகு, வெள்ளைக் காது மடல், மஞ்சள் கால். ஐந்தாவது முள் சற்றே சாய்ந்திருந்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்காது.

குளியலுக்கு மூன்று தொட்டி. முதலாவதில் வெதுவெதுப்பான தண்ணீரும் காரமில்லாத ஷாம்பூவும். இறகு படிந்திருக்கும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் தண்டு முறிந்துபோகும். இரண்டாவதில், ஒட்டியிருக்கும் சோப்பை எடுக்கக் கொஞ்சம் வினிகர். மூன்றாவது வெள்ளைக் கோழிகளுக்கு மட்டும்: நாம் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம், சில துளிகள். கை தவறி நாலு துளி கூடுதலாக விழுந்தால், போனது வெள்ளைச் சேவல், வருவது வெளிர்நீலச் சேவல். சேவல் இதற்கெல்லாம் முரண்டு பிடிக்குமே என்று நினைக்க வேண்டாம். வெந்நீரில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண் செருகித் தூங்க ஆரம்பித்துவிடும். தலை தண்ணீருக்குள் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் துண்டு. அப்புறம் மனைவியின் ஹேர் டிரையர்.

உலர்ந்ததும் கால். மடியில் சேவலைக் கிடத்தி, பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு செதிலின் விளிம்பிலிருந்தும் அழுக்கைக் கெல்லி எடுப்பார். நகத்தை வெட்டி, அலகின் நுனியை ராவி, கொண்டையிலும் தாடியிலும் பளபளப்புக்கு வாஸ்லீன் தடவினால், மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வந்தாயிற்றா என்று கேட்கிற தோரணையில் சேவல் எழுந்து நிற்கும்.

இத்தனை செய்தாலும் இதில் எதுவும் மோசடி இல்லை. எல்லாம் அனுமதிக்கப்பட்ட சிங்காரம்.

இந்தப் பித்து இன்று நேற்று வந்ததல்ல. 1835-இல் இங்கிலாந்தில் சேவல் சண்டையைச் சட்டம் தடுத்தது; போட்டி சண்டையிலிருந்து அழகுக்கு மாறியது. 1840-களில் சீனாவிலிருந்து கால் முழுக்க இறகு முளைத்த கொழுத்த கொச்சின் கோழிகள் வந்து இறங்கி, விக்டோரியா ராணியின் கோழிப்பண்ணைவரை போய்ச் சேர்ந்தன. அரண்மனை வளர்ப்பதை ஊர் வளர்க்காமல் இருக்குமா? 1845-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிகளுக்குக் கண்காட்சி நடந்தது. 1849-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பூங்காவில் 1,000-க்கும் மேற்பட்ட பறவைகளைப் பார்க்க 10,000 பேர் திரண்டார்கள். பேர்பெற்ற அரசியல் பேச்சாளர் டேனியல் வெப்ஸ்டரே ஒரு ஜோடி ஜாவாக் கோழிகளைப் பார்வைக்கு வைத்தார்.

அந்தக் காலத்துக் கெட்டிக்காரர் ஜார்ஜ் பர்ன்ஹாம். பாஸ்டன் பக்கத்துக் கோழி வியாபாரி. 1852-இல் ராணிக்குச் சில கோழிகளை அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். ராணிக்குப் போன கோழியின் சொந்தபந்தம் என்றால் விலை கேட்க வேண்டுமா! மிச்சமிருந்தவற்றைக் கொள்ளை விலைக்குத் தள்ளிவிட்டார். பித்து தணிந்து விலை சரிந்ததும், 1855-இல், ‘கோழிக் காய்ச்சலின் வரலாறு’ என்று ஒரு புத்தகம் போட்டு, வாங்கி ஏமாந்தவர்களைப் பக்கத்துக்குப் பக்கம் கிண்டலடித்தார். ஏமாந்தவர்களிடமே அதையும் விற்றிருப்பார் என்று நம்பலாம்.

இப்படியே விட்டால் சரிப்படாது என்று 1873-இல் பஃபலோ நகரில் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் ஒரு சங்கம் கண்டார்கள். எந்தக் கோழிக்கு என்ன நிறம், என்ன எடை, எத்தனை முள் என்று மறுவருஷமே தரநூல் வந்தது. திருத்தித் திருத்தி இன்றும் அச்சாகிறது. நம் நாட்டு அசீல்கூட 1981-இல் அதற்குள் இடம் பிடித்துவிட்டது.

தரம் என்று ஒன்று வந்தால் தில்லுமுல்லும் கூடவே வரும். எவையெல்லாம் மோசடி என்று தரநூலின் பழைய பதிப்பில் ஒரு பட்டியலே உண்டு. கொண்டையின் பக்கவாட்டில் கிளைத்த முள்ளை அறுப்பது. இறகுக்குச் சாயம் ஏற்றுவது அல்லது வெளுப்பது. ஒடிந்த இறகில் வேறு இறகை ஒட்டுப்போடுவது. மொழுமொழுவென்று இருக்க வேண்டிய காலில் முளைத்த பூமயிரைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிய துளையை அடைப்பது. காலுக்குச் சாயம் பூசுவது. இவற்றோடு இன்னொன்று: அடுத்தவர் கொண்டுவந்த கோழியின் இறகைச் சேதப்படுத்துவது. யாரும் செய்யாத குற்றத்தை யாரும் விதியில் எழுதி வைக்க மாட்டார்கள்.

நம்மவருக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் எத்தனை சந்து இருக்கிறது என்பதும் அதைவிட நன்றாகத் தெரியும்.

இறகு பிடுங்குவதை எடுத்துக்கொள்வோம். பிடுங்கிய இடத்தில் புது இறகு வளர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதனால் ஒடிந்த இறகைச் செப்டம்பரில் பிடுங்கினால் அது பராமரிப்பு. உடம்பு முழுக்க வரிவரியாக இருக்க வேண்டிய பிளைமவுத் ராக் கோழியில் ஒரே ஒரு இறகு முழுக் கறுப்பாக முளைத்து, அதைக் கண்காட்சிக்கு முந்தின நாள் ராத்திரி பிடுங்கினால் மோசடி. அதே விரல், அதே இழுப்பு; தேதிதான் வேறு. கேட்டால், "நான் எங்கே பிடுங்கினேன்? தானா உதிர்ந்தது" என்பார். கோழி சாட்சி சொல்ல வராது என்பது அவருக்கு ஒரு வசதி.

கொண்டை விஷயம் இன்னும் வேடிக்கை. லெகார்னின் கொண்டையில் அதிகப்படியாக முளைத்த ஒரு சின்ன முள்ளை அறுத்தால் சேவல் தள்ளுபடி. ஆனால் சண்டைச் சேவல் பரம்பரையில் வந்த கேம் இனங்களுக்குக் கொண்டை, தாடி எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிடலாம், அது பாரம்பரியம். எதிராளி கொத்திப் பிடிக்க ஏதும் இருக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் செய்தது. சண்டை போய் நெடுங்காலமாகியும் கத்தரி போகவில்லை. பிராணி நல ஆர்வலர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

மஞ்சள் பிரச்சினை வெள்ளைக் கோழிக்காரர்களின் நிரந்தரத் தலைவலி. காலுக்குச் சாயம் பூசக் கூடாது. மஞ்சள் மக்காச்சோளம் கொடுத்துக் காலை மஞ்சளாக்கலாம். ஆனால் அந்தச் சோளமே வெள்ளை இறகிலும் பழுப்பேற்றிவிடும். வெயில் பட்டால் இன்னும் மோசம். எனவே காலுக்குச் சோளமும் இறகுக்கு நிழலுமாக, வெயில் காலம் முழுக்கச் சேவலை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவார்.

தீனியால் நிறம் மாறினால் அது கள்ளமா என்ற கேள்வி கேனரிக் குருவிக்காரர்களை ஒருகாலத்தில் பெரிதாக ஆட்டிவைத்தது. 1870-களில் இங்கிலாந்தின் டெர்பி நகரத்துக்காரர் ஒருவரின் கேனரிக் குருவிகள் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் போட்டிக்கு வந்தன. சாயம்தான் என்று கூச்சல். ரசாயன நிபுணர்கள் சோதித்தும் சாயம் அகப்படவில்லை. அவர் போட்டது மிளகாய்த்தூள், அதுவும் தீனியில்! எரிச்சலெல்லாம் தோற்றவர்களுக்குத்தான். பிற்பாடு அவர்களும் மிளகாய்த்தூள் வாங்கினார்கள்.

கோழிக்காரர் இதையெல்லாம் அடக்கமாகத்தான் செய்கிறார் என்று சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல் அஜீஸ் ஒட்டகத் திருவிழாவில், போடாக்ஸ் ஊசி போன்ற வித்தைகளால் முகத்தை அழகுபடுத்தியதாக 40-க்கும் மேற்பட்ட ஒட்டகங்களை அழகுப்போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். அங்கே பரிசுத்தொகை கோடிக்கணக்கான டாலர். இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு ரிப்பனும் ஒரு கோப்பையும்.

கண்காட்சி அன்று வெள்ளைக் கோட்டுப் போட்ட நடுவர் கூண்டு கூண்டாக வருவார். இறக்கையை விசிறிபோல் விரித்து இறகுகளை எண்ணுவார். கட்டைவிரலைக் கால் வழியே கீழே ஓட்டி, துளை தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஈரக் கைக்குட்டையால் இறகை அழுத்தித் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடிப்பார். அவரை ஏமாற்றுவது லேசல்ல. நடுவர்களில் பெரும்பாலோர் ஒருகாலத்தில் இதே மாதிரி தொட்டியருகே மண்டியிட்டவர்கள்தான்.

நம்மவருக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு இரண்டு கூண்டு தள்ளி. அவர் அந்தக் கூண்டுக்கு முன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பார். பக்கத்தில் இருப்பவரின் காதருகே குனிந்து, "அந்தக் கொண்டை ஆண்டவன் கொடுத்ததில்லை, கத்தி கொடுத்தது" என்பார். நடுவருக்கு வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்பார். சங்கத்துக்குப் புகார் எழுதத்தான் போகிறேன் என்பார்.

அரை மணி நேரம் கழித்து அவரை விற்பனைக் கூடத்தில் பார்க்கலாம், முதல் பரிசுக்காரரின் தோளில் கை போட்டபடி. "உங்க பையன் பிரமாதம். இவனோட தம்பி யாராவது விலைக்கு இருக்கானா?" இருக்கிறான். பேரம் படிந்து, பணம் கைமாறி, அட்டைப்பெட்டியோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போனவர் பாதி வழியில் நின்று, மூடியைத் திறந்து, புதுச் சேவலின் கொண்டை அடியில் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.