ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம்?

ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன். பிப்ரவரியில் லேவியராகமத்தோடு நின்றுபோகிறது. எனக்கு விசுவாசம் போதாதா?
– வாசகர், பாளையங்கோட்டை

விசுவாசத்தில் குறை இல்லை. போகிற பாதை அப்படி. 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள்; ஒரே ஆண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முன்பாதியும் கதையாக ஓடும். யாத்திராகமம் 25இல் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு தொடங்கும்; அதைத் தாண்டினால் பலிமுறைகள். எது எதற்கென்று தெரியாமல் நுழைந்தால் யாருக்கும் கால் தளரும். முதலில் எபிரெயர் நிருபத்தை வாசியுங்கள், 13 அதிகாரம்தான். பிரதான ஆசாரியன், திரை, இரத்தம் எல்லாம் எதைக் குறிக்கின்றன என்று அங்கே பிடிபடும். அதன்பின் லேவியராகமம் 16க்குப் போய்ப் பாருங்கள், வேறு புத்தகமாகத் தெரியும்.

இந்த ஆண்டுக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாளில் விட்டதைப் பிடிக்கலாம். பிடித்ததைத் திரும்ப வாசிக்கலாம்.

இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு திரும்பும் நர்ஸ் நான். அதிகாலையில் வாசிக்காவிட்டால் அது தியானமே இல்லை என்கிறார்கள்.
– வாசகி, வேலூர்

இயேசு இருட்டோடு எழுந்து ஜெபிக்கப் போனார் என்று மாற்கு எழுதுகிறார். 119ஆம் சங்கீதக்காரர் பாதிராத்திரியில் எழுகிறார். ஈசாக்கு தியானம்பண்ண வயல்வெளிக்குப் போனது சாயங்காலத்தில். மூன்று பேரும் வேதத்தில்தான் இருக்கிறார்கள். நீங்கள் தூங்கி எழுந்து முகம் கழுவுகிற நேரமே உங்களுக்கு அதிகாலை.

வருடப்பிறப்பு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையாக வந்தது. ஆண்டு பாதி போய்விட்டது, இன்னும் வேலை கிடைக்கவில்லை.
– வாசகர், தூத்துக்குடி

அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும். அது ஒரு நீண்ட கடிதத்தின் நடுவில் வருகிறது. நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் அறிவித்திருந்தான். கேட்கிறவர்களுக்கு அதுதான் இனித்திருக்கும். எரேமியா சொன்ன கணக்கோ எழுபது ஆண்டு. உங்கள் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே அந்த எண் இருக்கிறது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த ஊரின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்கிறது கடிதம். அதை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். நல்ல எதிர்காலம் என்ற வாக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

அட்டையை எடுத்து வைத்துவிட வேண்டாம். அது உங்களை 29ஆம் அதிகாரத்தின் வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது, உள்ளே போங்கள். டிசம்பருக்குள் வேலை கிடைக்கும் என்று எரேமியா உங்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். காத்திருக்கிற இந்த மாதங்களிலும் உங்கள் ஊருக்கும் தெருவுக்கும் நீங்கள் வேண்டியவர் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. வேலை தேடிப் போகிற ஒவ்வொரு காலையும் அதை முழுதாக ஒருமுறை வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா? அகஸ்டீன் அப்படித்தானே மனம் மாறினார்?
– வாசகர், மதுரை

386இல் மிலான் நகரத் தோட்டத்தில் நடந்தது உண்மைதான். எடுத்து வாசி என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டது. ரோமர் நிருபத்தில் கண்ணில் பட்ட வரிகள் அவரைத் திருப்பின. ஆனால் பவுலின் நிருபங்களை அவர் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தார், அம்புரோசின் பிரசங்கங்களையும் நெடுநாள் கேட்டிருந்தார். பிற்பாடு ஆயரானதும் யோவான் நற்செய்தியை முதலிலிருந்து கடைசிவரை 124 பிரசங்கங்களில் விளக்கினார். அகஸ்டீனைப் பின்பற்றுகிறவர் அதையும் சேர்த்துப் பின்பற்றட்டும்.

செல்போனில் வாசித்தால் கணக்கில் வருமா?
– கல்லூரி மாணவி, சென்னை

வரும். இணையத்தை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் உட்கார மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் அப்பா தினமும் மூன்று அதிகாரம் வாசிப்பார்.
– வாசகி, நாகர்கோவில்

மூன்றை ஒன்றாக்கச் சொல்லுங்கள். அந்த ஒன்றையும் பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கட்டும். எஸ்தரில் ஆரம்பிக்கலாம்; பத்து அதிகாரம், பத்து இரவு. ஐந்தாம் அதிகாரம் மொர்தெகாய்க்கு ஆமான் தூக்குமரம் நாட்டுவதோடு முடியும். அங்கே பைபிளை மூடிவிடுங்கள். ராஜாவுக்குத் தூக்கம் வராத கதையைக் கேட்க மறுநாள் அவர்களே பாய் விரிப்பார்கள். எல்லோரும் களைத்துப்போன நாளுக்கு 117ஆம் சங்கீதம் இருக்கிறது, இரண்டே வசனம். ஜெபத்தையும் அதே அளவில் முடித்துக்கொள்ளலாம்.

வாசிப்பது சரி. தியானம் என்றால் உட்கார்ந்து என்னதான் செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இதை நான்கு படிகளாக எழுதிவைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடவுள்முன் மௌனமாக இருத்தல். இரண்டாம் படியில்தான் நாம் தடுமாறுகிறோம். அதற்கு ஒரு கேள்வி போதும்: இந்தக் கதையில் நான் எங்கே நிற்கிறேன்?

ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையை நாத்தான் சொன்னபோது தாவீது கொதித்தெழுந்து தீர்ப்பே சொல்லிவிட்டான். அந்தப் பணக்காரன் தான்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. நாமும் வாசிக்கும்போது நாத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். கெட்டகுமாரன் கதையைப் பாருங்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற நம்மில் பலருக்கு உரிய இடம் மூத்த மகன் கோபத்தோடு நின்ற வாசல். அவனையும் வருந்தி அழைக்கத் தகப்பன் வெளியே வருகிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. நாம் யார்மேல் கோபமாக வெளியே நிற்கிறோம் என்று ஒரு பெயரை நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் படி அங்கிருந்து தானாக வரும்.

என் சிநேகிதி கத்தோலிக்கர், நான் தென்னிந்தியத் திருச்சபை. சேர்ந்து வாசிக்கலாமா? பைபிளே வேறாக இருக்கிறதே.
– வாசகி, திருச்சி

அவருடையதில் 73 புத்தகங்கள், உங்களுடையதில் 66. புதிய ஏற்பாட்டின் 27 இருவருக்கும் ஒன்றே. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை அவர் வாசிக்கட்டும், நீங்கள் பழையதை வாசியுங்கள். நடை மாறுகிற இடங்களில் நின்று பேசினாலே ஒரு சாயங்காலம் போய்விடும்.

என் மகன் விபத்தில் போய்விட்டான். வேதத்தைத் திறக்கவே முடியவில்லை. ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறார்கள்.
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்

அம்மா, 88ஆம் சங்கீதம் ஒன்று போதும். ராப்பகலாக அழுகிற ஒருவர், தன்னை ஏன் கைவிட்டீர் என்று கடவுளையே கேட்கிறார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் முடிவுக்குள் எங்காவது ஒரு துதி வந்துவிடும். இதில் அதுவும் கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. இதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், திருத்தவில்லை. ஸ்தோத்திரம் வராதபோது வந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. வாசிக்க முடியாவிட்டால் யாரையாவது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

துக்கவீட்டுக்கு வசனத்தோடு போகிறவர்களுக்கும் சொல்கிறேன். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான்.

வயது 78. கண் மங்கிவிட்டது, பெரிய எழுத்துப் பைபிளும் தெரியவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம் விட்டுப்போகிறதே.
– வாசகி, மெய்ஞ்ஞானபுரம்

பாட்டி, ஆதிச் சபையில் அநேகர் வேதத்தைக் காதால்தான் அறிந்தார்கள். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யும்படி பவுல் சொல்லியனுப்புகிறார். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவைச் சத்தமாக வாசித்ததால்தான் பிலிப்பு காதில் அது விழுந்தது. ஒலிவடிவப் பைபிள் செல்போனில் கிடைக்கிறது. இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிற இடத்தில் அடுத்த வார்த்தையை நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள். பிலிப்பியரில் தொடங்கலாம்; நான்கே அதிகாரம், கால் மணி நேரம் ஆகும்.